கடைசி வரிசையில் ஒரு சீட்டு

விமானத்தில் எந்த சீட்டு வசதியாக இருக்கும் என்று ஆரம்பாக்கத்தில் அடிக்கடி யாராவது என்னிடம் வந்து கேட்கிறார்கள். பழவேற்காடு ஏரியைச் சுற்றியுள்ள எங்கள் ஊர்களில் இப்போது பாதி வீட்டுப் பிள்ளைகள் மஸ்கட்டிலும் துபாயிலும் இருக்கிறார்கள். முன்பெல்லாம் விமான நிலையத்துக்கு வந்து, கவுண்டரில் இருக்கும் எங்களைப் பார்த்து, "சன்னலோரமா ஒண்ணு குடும்மா" என்பார்கள். இப்போது வீட்டில் உட்கார்ந்தபடியே போனில் விமானத்தின் படத்தைப் பார்க்கிறார்கள். வண்ண வண்ணக் கட்டங்கள், கட்டத்துக்கு ஒரு விலை.

பக்கத்து வீட்டு செல்வி போன மாதம் மகளைப் பார்க்க மஸ்கட் போனாள். போவதற்கு முன் போனை என் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"இன்னாக்கா, இதுல எது நல்ல சீட்டு?"

"உனக்கு முட்டி வலி இருக்கா? அடிக்கடி பாத்ரூம் போவியா? இல்ல, வேடிக்கை பாக்கணுமா?"

"நீ கேள்வி கேட்டுக்கினே இரு. அதுக்குள்ள எவளாவது எடுத்துக்கினு பூடுவா."

அவள் சொன்னதிலும் தப்பில்லை. ஆனால் அந்தக் கேள்விகளைக் கேட்பதுதான் எனக்கு வேலையாக இருந்தது. ஓய்வு பெற்ற அன்று, உடன் வேலை பார்த்த இளைய பெண்கள், "மேடம், இத்தனை வருஷம் பாத்ததை எழுதுங்க" என்று சொன்னார்கள். கவுண்டர் வேலையில் பார்த்ததை எல்லாம் எழுதினால் பாதி சண்டையாகத்தான் இருக்கும். சீட்டைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

என் நைனா ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்பு வேலையில் இருந்தார். பொன்னேரியில் டைப்ரைட்டிங் முடித்து, விளம்பரம் பார்த்து விண்ணப்பித்து, ஒரு விமான நிறுவனத்தில் தரைப் பணியாளராகச் சேர்ந்தேன். பயிற்சி வகுப்பில் ஒட்டுப்பலகையால் செய்த மூன்று வரிசை இருக்கைகள் இருந்தன. கர்ப்பிணிக்கு நடைபாதை ஓரம், அவசரக் கதவு வரிசையில் திடகாத்திரமானவர்கள் மட்டும், கைக்குழந்தைக்காரர்களுக்கு எந்த வரிசை, உயரமானவர்களுக்கு எது. எல்லாவற்றையும் மனப்பாடம் செய்து ஒப்பித்தோம். சில வருடம் சென்னையில் வேலை. ஆரம்பாக்கத்திலிருந்து லோக்கல் ரயிலில் போய்வருவேன். பிறகு அந்தமானுக்கு மாற்றல் வந்தது. வேலையை அங்கேதான் கற்றுக்கொண்டேன்.

போர்ட் பிளேர் நிலையத்தின் பொறுப்பு அதிகாரி தாமோதரன் சார். ஒல்லியான மனிதர். முழுக்கைச் சட்டையின் மடிப்பு சாயங்காலம் வரை கலையாது. எங்களை எல்லாம் வாங்க, போங்க என்றுதான் கூப்பிடுவார். யார் எவ்வளவு கத்தினாலும் அவர் குரல் ஒரே அளவில் இருக்கும். பயணி ஒன்றைக் கேட்டால் உடனே முடியும், முடியாது என்று சொல்லமாட்டார். கேட்டதைத் தன் வாயால் ஒருமுறை திருப்பிச் சொல்லி, "இதுதானே கேக்கறீங்க?" என்று உறுதி செய்துகொள்வார். கோபமாக வந்தவர்களில் பாதிப் பேர் அதிலேயே தணிந்துவிடுவார்கள்.

நான் அங்கே போன புதிதில் பெரிய உடம்புக்காரர் ஒருவர் வந்தார். அவருக்கு முதல் வரிசை கொடுக்கச் சொல்லி மேலிடத்திலிருந்து சொல்லியிருந்தார்கள். கொடுத்தோம். அவர் போர்டிங் அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு நகராமல் நின்றார். தாமோதரன் சார் அருகில் போய் மெதுவாக ஏதோ கேட்டார். திரும்பி வந்து, "எஸ்தர், இவருக்கு சீட்டைப் பின்னால, கழிவறைக்குப் பக்கத்துல போடுங்க" என்றார். அந்த மனிதருக்கு முகமே மாறிவிட்டது. சர்க்கரை நோயாளி. முன்வரிசையில் எல்லோர் கண் முன்னாலும் அடிக்கடி எழுந்து போவதை நினைத்து அவர் வீட்டிலிருந்து கிளம்பும்போதே கவலைப்பட்டிருக்கிறார். அடுத்த நாளிலிருந்து நானும் பயணிகளிடம் கேட்க ஆரம்பித்தேன்.

இனி எழுதப்போவது கன்னியம்மாவைப் பற்றி.

அந்தமானில் மீன்பிடிப் படகுகளில் வேலை செய்யத் தமிழ்நாட்டிலிருந்து நிறையப் பேர் வருவார்கள். அப்படி வந்தவர் தேசப்பன். படகில் வழுக்கி விழுந்து தலையில் அடி. செய்தி கிடைத்து அவருடைய மனைவி கன்னியம்மாவும் தம்பியும் சென்னையிலிருந்து வந்து சேர்ந்தார்கள். சில நாள் ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்துவிட்டு அவர் இறந்துபோனார். படகு முதலாளி உடலை விமானத்தில் அனுப்ப ஏற்பாடு செய்தார்.

உடலைக் கொண்டுபோவதற்கு ஒரு முறை இருக்கிறது. மருத்துவமனைச் சான்று, காவல்துறையின் தடையில்லாச் சான்று, உடலைப் பதப்படுத்தியதற்கான சான்று மூன்றும் வேண்டும். பெட்டிக்குள் தகரம் அடித்து, விளிம்பை ஒட்டி மூடியிருக்க வேண்டும். சரக்குப் பிரிவில் வாங்கி, எடை போட்டு, தார்ப்பாய் சுற்றி வைப்பார்கள். சாப்பாட்டுப் பொருளோடு வைக்கக்கூடாது. மேலே எதையும் அடுக்கக்கூடாது. தலை விமானத்தின் மூக்குப் பக்கம் இருக்கும்படி ஏற்றிப் பட்டையால் கட்ட வேண்டும். விமானிக்கும் பணிப்பெண்களில் மூத்தவருக்கும் சொல்வோம். மற்ற பயணிகளுக்குத் தெரியக்கூடாது.

இப்படி உடலோடு போகிற உறவினருக்கு முதல் வரிசை கொடுப்பது தாமோதரன் சாரின் வழக்கம். கால் நீட்ட இடம் உண்டு, முன்னால் யாரும் இல்லை, அழுதால் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், இறங்கும்போது முதலில் இறங்கலாம். அன்றும் காலையிலேயே முதல் வரிசையில் இரண்டு இருக்கைகளை ஒதுக்கி வைத்திருந்தார்.

கன்னியம்மாவும் அவளுடைய கொழுந்தன் முருகேசனும் என் கவுண்டருக்கு வந்தார்கள். அவளுக்கு என்னைவிடக் கொஞ்சம் வயது குறைவாக இருக்கும். பல நாள் தூங்காத கண். அட்டைகளை நீட்டி, "முன்னாலயே போட்டிருக்கோம்மா. வசதியா இருக்கும்" என்றேன்.

அவள் அட்டையைத் தொடவில்லை.

"யக்கா, அவரு எங்க வருவாரு?"

எனக்குப் புரியவில்லை.

"பொட்டிய கேக்கறேன். பிளேன்ல எங்க வெப்பீங்கோ?"

முருகேசன் அவள் தோளைத் தொட்டான். "அண்ணி, அதெல்லாம் அவங்க பாத்துக்குவாங்கோ. நீ வா."

"இரு முருகேசா. யக்கா, அவரு இருக்கற எடத்துக்கு மேல ஒரு சீட்டு குடு. நான் அங்க குந்திக்கினு வரேன்."

அந்தக் 'குந்திக்கினு' எங்கள் பக்கத்துப் பேச்சாகக் காதில் விழுந்ததும், "எந்த ஊரும்மா?" என்று கேட்டேன்.

"பழவேற்காட்டாண்ட. பசியாவரம்."

"நான் ஆரம்பாக்கம்."

அவள் என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். அவ்வளவுதான். ஊர்ப்பேச்சு பேசுகிற நிலையில் அவள் இல்லை. மறுபடியும், "மேல ஒரு சீட்டு குடுக்கா" என்றாள்.

இதை என்னால் முடிவு செய்ய முடியாது. தாமோதரன் சாரைக் கூப்பிட்டேன். அவர் வந்து, அவள் சொன்னது முழுவதையும் கேட்டார்.

"நான் புரிஞ்சுக்கிட்டது சரியானு பாருங்கம்மா. உங்க வீட்டுக்காரரை வைக்கிற இடத்துக்கு நேர் மேல உங்களுக்கு சீட்டு வேணும். முன்னால வேண்டாம். இதுதானே?"

"அதான் சார்."

"பின்னால கடைசி வரிசையா இருக்கும். சாய முடியாது. கழிவறை பக்கத்துலயே. ஆளுங்க வந்து நிப்பாங்க. ஆட்டமும் அங்கதான் அதிகம்."

"பரவால்ல."

முருகேசனுக்குப் பொறுக்கவில்லை. "சார், அது சோறு தண்ணி இல்லாம கெடக்குது. முன்னாலயே இருக்கட்டும் சார். அண்ணி, அவுரு எங்க இருந்தா இன்னா? ஒரே பிளேன்தானே?"

தாமோதரன் சார் பக்கத்து மேசைக்குப் போய் சரக்கு ஏற்றும் திட்டத்தைப் பார்த்தார். அன்று விமானத்தின் முன் சரக்கு அறையில் சென்னைக்குப் போகிற மீன், நண்டுப் பெட்டிகள். அதனால் சவப்பெட்டி பின் அறையில், கடைசிப் பக்கமாக. அவர் திரும்பி வந்து, "நடைபாதை ஓரமா உக்காருங்க. பெட்டி நடுவுல இருக்கும்" என்றார்.

எங்களோடு வேலை பார்த்த சுரேஷ், "சார், எங்க வச்சிருக்குனு சொல்லலாமா?" என்று காதோடு கேட்டான்.

"மத்த பயணிங்களுக்குச் சொல்லக்கூடாது. மனைவிக்குச் சொல்லக்கூடாதுனு நான் எங்கயும் படிச்சதில்லை."

கடைசி வரிசையில் ஏற்கெனவே ஒரு கணவன் மனைவி. கணவர் ஆறடிக்கு மேல் உயரம்; தாமதமாக வந்ததால் அந்த இடம் கிடைத்திருந்தது. அட்டை வாங்கியதிலிருந்து எங்களைத் திட்டிக்கொண்டே இருந்தார். அவரைக் கூப்பிட்டு முதல் வரிசை கொடுத்தேன். சந்தோஷப்படுவார் என்று பார்த்தால், சந்தேகப்பட்டார்.

"இவ்வளவு நேரம் இல்லைனீங்க. இப்ப எப்படி வந்துச்சு?"

"மாத்திக்க ஒருத்தர் கேட்டாங்க சார்."

"முதல் வரிசையை விட்டுட்டுக் கடைசி வரிசையா? யாரு அந்தப் பைத்தியம்?"

அவர் மனைவி அட்டையை வாங்கிக்கொண்டு அவரை இழுத்துப் போனாள். கன்னியம்மா சற்றுத் தள்ளித்தான் நின்றிருந்தாள். கேட்டிருக்கும். அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன்.

விமானம் வந்து, வந்தவர்கள் இறங்கி, புறப்படுகிறவர்கள் ஏற ஆரம்பித்தபோது, நான் பயணிகள் பட்டியலோடு தாமோதரன் சாரின் பக்கத்தில் விமானத்தின் அடியில் நின்றிருந்தேன். சவப்பெட்டியைப் பயணிகள் வருவதற்கு முன்பே ஏற்றி, பின் அறையில் கட்டியிருந்தார்கள். பெட்டிக்கு முன்புறம் பைகளை அடுக்கியாகிவிட்டது. அப்போதுதான் சரக்குப் பிரிவிலிருந்து சுரேஷ் ஓடிவந்தான். மீன் ஏற்றிவந்த லாரி வழியில் பழுதாகி நின்றுவிட்டதாம். இனி வராது.

விமானத்தை எடை போட்டு ஏற்றுவது தராசு மாதிரி. முன்னால் வரவேண்டிய மீன் வரவில்லை என்றால் வால் பக்கம் கனத்துவிடும். ஒரு முனையில் குன்று இருக்கிற போர்ட் பிளேர் ஓடுபாதையில் இந்த விஷயத்தில் எந்த விமானியும் விட்டுக்கொடுக்க மாட்டார். பயணிகளை முன்னால் நகர்த்தலாம் என்றால் ஒரு இருக்கை கூடக் காலி இல்லை. பின் அறையிலிருந்து கனத்தை எடுத்து முன் அறையில் போட வேண்டும். அதுதான் ஒரே வழி. மதியத்துக்கு மேல் காற்று மாறினால் விமானம் கிளம்ப முடியாது என்பதால் அதிக நேரமும் இல்லை.

"சார், சுலபமா முடிச்சிடலாம்" என்றான் சுரேஷ். "முன்னால இப்ப மீன் இல்லை. பெட்டியை முன்னால மாத்திட்டா கணக்கு சரியாயிடும். கொஞ்சம் பையை நகர்த்தி வழிவிட்டா ஒரே தூக்கு."

தாமோதரன் சார் பின் அறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தம்மா?" என்றார்.

"அவங்க ஏறி உக்காந்தாச்சு சார். அவங்களுக்கு எப்படித் தெரியும்? கீழதான் இருக்குனு நெனச்சுக்கிட்டே போகட்டும். அவங்களுக்கு ஆறுதல்தானே முக்கியம்?"

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. மேலே உட்கார்ந்திருக்கிறவளுக்குத் தரைக்குக் கீழே என்ன நடக்கிறது என்று தெரியப்போவதில்லை. சென்னையில் பெட்டியை இறக்கும்போதும் அவள் வெளியே போயிருப்பாள்.

"நான் அவங்ககிட்ட கடைசி வரிசைக்குக் கீழனு சொல்லிட்டேன்" என்றார் தாமோதரன் சார். "பெட்டி அங்கயே இருக்கட்டும். அதே கனத்துக்குப் பைகளை எடுத்து முன்னால போடுங்க."

சுமை ஏற்றுகிறவர்களின் தலைவர் ஒரு வங்காளி. அவர் தலையில் கை வைத்தார். பெட்டி என்றால் ஒரு தூக்கு. பைகள் என்றால் ஒவ்வொன்றாக எடுத்து, வண்டியில் போட்டு, விமானத்தின் மூக்கு வரை தள்ளிக்கொண்டு போய், மறுபடி ஒவ்வொன்றாக ஏற்ற வேண்டும். வெயில் காங்கிரீட்டிலிருந்து திரும்பி முகத்தில் அடித்தது. அவர்கள் முணுமுணுத்துக்கொண்டே ஆரம்பித்தார்கள்.

தாமோதரன் சார் முழுக்கைச் சட்டையின் பொத்தான்களைக் கழற்றி, கையை மடித்துவிட்டு, பின் அறை வாசலில் போய் நின்றார். உள்ளேயிருந்து ஒருவன் பையைத் தள்ள, அவர் வாங்கி வண்டியில் போட்டார். அவர் பை தூக்கி நான் பார்த்ததில்லை. சுரேஷும் போய் நின்றான். நானும் பட்டியலைப் படிக்கட்டில் வைத்துவிட்டு முன் அறைப் பக்கம் வண்டியைத் தள்ளினேன். பைகள் குறையக் குறைய உள்ளே தார்ப்பாய் சுற்றிய பெட்டி தெரிந்தது. பட்டைகள் அப்படியே இருந்தன. நாங்கள் யாரும் அதைத் தொடவில்லை.

விமானி கீழே இறங்கி வந்தார். புதிய எடைத்தாளை வாங்கிப் பார்த்தார். "பெட்டியை நகர்த்தியிருக்கலாமே. ஏன் இவ்வளவு வேலை?" என்றார்.

"பயணி கேட்டாங்க" என்றார் தாமோதரன் சார்.

"யாரு?"

"மனைவி. கடைசி வரிசையில இருக்காங்க."

விமானி ஒரு நிமிடம் பெட்டி இருந்த பக்கம் பார்த்தார். பிறகு கையெழுத்துப் போட்டுவிட்டுப் படியேறினார்.

கதவு மூடுவதற்கு முன் பட்டியலைக் கொடுக்க நான் உள்ளே போனேன். கடைசி வரிசையில் நடைபாதை ஓரமாகக் கன்னியம்மா நேராக உட்கார்ந்திருந்தாள். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்திருந்தாள். பக்கத்தில் முருகேசன். கழிவறைக்குப் போக அதற்குள் ஒருவர் வந்து அவள் தோளை இடித்துக்கொண்டு நின்றார். முதல் வரிசையில் அந்த உயரமான மனிதர் காலை நீட்டிக் கண்ணை மூடியிருந்தார்.

விமானம் தாமதமாகக் கிளம்பியது. தாமதத்துக்குக் காரணம் எழுத வேண்டும். 'சரக்கு வராததால் எடை மாற்றம்' என்று தாமோதரன் சார் எழுதினார். அது உண்மைதான். சட்டைக் கையை இறக்கிப் பொத்தான் போட்டுக்கொண்டு அடுத்த விமானத்துக்குப் போனார். சில வருடத்தில் எனக்குச் சென்னைக்கே மாற்றல் வந்தது. அவர் ஓய்வு பெற்றுத் தன் ஊருக்குப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன்.

கவுண்டரில் பிறகும் எத்தனையோ பேருக்கு இடம் போட்டிருக்கிறேன். சண்டை போட்டுக்கொண்டு வந்து, தனித்தனி வரிசை கேட்ட புதுத் தம்பதி, அவசரக் கதவுப் பக்கம் உட்கார்ந்தால் கதவு திறந்துகொள்ளும் என்று காலை ஊன்றி நின்ற காட்டூர் விவசாயி, இப்படி நிறைய. இறந்தவர் இருக்கும் இடத்துக்கு மேல் உட்கார வேண்டும் என்று வேறு யாரும் கேட்கவில்லை.

ஓய்வு பெற்றபின் ஒருநாள் நண்டு வாங்கப் பழவேற்காட்டுக்குப் போயிருந்தேன். படகுத்துறைப் பக்கம் பெண்கள் வரிசையாகக் கூடையோடு உட்கார்ந்திருப்பார்கள். ஒருத்தி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யக்கா, நீ ஆரம்பாக்கம்தானே? ஏர்போர்ட்டுல இருந்தியே?"

முடி நரைத்துவிட்டது. உடம்பு போட்டிருந்தாள். குரலை வைத்துத்தான் எனக்கு அடையாளம் தெரிந்தது. பக்கத்திலிருந்த ஒரு காலிக் கூடையைக் கவிழ்த்துப் போட்டு, "குந்துக்கா" என்றாள்.

இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்துவிட்டதாகச் சொன்னாள். முருகேசன் சொந்தப் படகு வைத்திருக்கிறானாம். பேசிக்கொண்டே நண்டுகளின் காலைக் கட்டிக்கொண்டிருந்தாள். நான் அவளிடம், இத்தனை வருடத்தில் கேட்க வேண்டும் என்று கூட நினைக்காத ஒன்றைக் கேட்டேன்.

"அன்னிக்கு ஏம்மா பின்னால கேட்ட?"

"அவுருக்கு மேல போறதுன்னா பயம்க்கா" என்றாள். "கடல்ல எந்தக் காத்துக்கும் பயப்படமாட்டாரு. ஆனா லைட்டவுஸ் மேல ஏறுன்னா ஏறமாட்டாரு. புள்ளைங்க சிரிக்கும். அந்தமானுக்கு எல்லாம் பிளேன்ல போவுறாங்கோ, இவுரு மட்டும் கப்பல்ல வாந்தி எடுத்துக்கினே போனாரு. திரும்பி வரும்போதும் கப்பல்லதான் வருவேன்னு சொல்லிட்டுப் போனாரு. அவுர கொண்டாந்து பிளேன்ல, இருட்டுல, தனியா போட்டா இன்னாக்கா பண்ணுவாரு?"

கட்டிய நண்டைக் கூடையில் போட்டாள். இன்னொன்றை எடுத்தாள்.

"நடுவுல ஒரு எடத்துல தூக்கிப் போட்டுச்சு பாரு, எனக்கே கொடலு மேல வந்துடுச்சு. நான் காலால தரைய தட்டிக்கினே வந்தேன். ஒண்ணுமில்ல, இதோ வந்துடுச்சு, இதோ வந்துடுச்சுன்னு. மெட்ராஸு வர்ற வரிக்கும் தட்டிக்கினேதான் வந்தேன். முருகேசன் இன்னா அண்ணி, இன்னா அண்ணின்றான். அவங்கிட்ட இன்னான்னு சொல்றது?"

அவள் கை நின்றது. கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டாள்.

"யக்கா, இத்தினி வருசமா ஒண்ணு கேக்கணும்னு இருந்துச்சு. அவுரு நெஜமாவே கீழதான் இருந்தாரா? இல்ல, அழுவுறாளேன்னு என்னை சமாதானம் பண்ண அப்பிடி சொன்னீங்களா?"

"உன் காலுக்குக் கீழதான் இருந்தாரு" என்றேன். "நான் நின்னு பாத்தேன்."

அவள் தலையாட்டினாள். புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அதற்குள் ஒருவர் வந்து கூடையைக் குனிந்து பார்த்தார். அவரிடம் திரும்பி, "இன்னாண்ணா, பெருசா வேணுமா, சின்னது போதுமா?" என்று கேட்டாள்.